ஒரு தடவை சித்தியடைந்தால் போதுமா?

வயது முதிர்ந்த சாரதி ஒருவரால் உயிரிழப்பு நேரும்போதெல்லாம் பிரித்தானியாவில் ஒரு கேள்வி மீண்டும் தலைதூக்குகிறது. சாரதிப் பரீட்சையில் ஒரு தடவை சித்தியடைந்தவர் வாழ்நாள் முழுவதும் அந்தத் தகுதியுடன் இருக்கலாமா, அல்லது குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தடவை மீண்டும் பரீட்சைக்குத் தோற்ற வேண்டுமா என்பதே அது. இதனை முதுமை பற்றிய விவகாரமாகவே பலரும் நோக்குகின்றனர். ஆனால், பரீட்சையின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் வேறொரு உண்மை புலப்படும். வீதியில் ஏற்கனவே வாகனம் ஓட்டிக்கொண்டிருந்தவர்களை அந்தப் பரீட்சை தொடக்கத்திலிருந்தே தொட்டதில்லை.

பாரிஸ் நகரின் பொலிஸ் நிருவாகம் 1893 இலேயே சாரதிகளின் தகுதியைச் சோதித்து அனுமதி வழங்க விதி செய்தது. பிரித்தானியா அவ்வளவு அவசரப்படவில்லை. 1903ஆம் ஆண்டின் மோட்டார் கார் சட்டம் சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்கியபோதிலும் பரீட்சை எதனையும் விதிக்கவில்லை. 5 சிலிங் செலுத்தியவருக்கு அனுமதிப்பத்திரம் கிடைத்தது. ஓட்டத் தெரியுமா என்று எவரும் கேட்கவில்லை.

இதன் விலை உயிர்களால் செலுத்தப்பட்டது. 1934 இல் அந்நாட்டில் ஏறத்தாழ 24 இலட்சம் மோட்டார் வாகனங்களே இருந்தன. அவ்வாண்டு வீதி விபத்துக்களில் மாண்டவர்கள் 7,343 பேர். இன்று 4 கோடிக்கும் அதிகமான வாகனங்கள் ஓடும் அதே நாட்டில் 2023 இல் மாண்டவர்கள் 1,624 பேர் என்பதுடன் ஒப்பிட்டால் அக்கால வீதிகளின் கொடூரம் விளங்கும். 1934ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம் பரீட்சையைக் கொண்டுவந்தது. போக்குவரத்து அமைச்சராக இருந்த லெஸ்லி ஹோர்-பெலிஷாவின் காலத்தில், 1935 மார்ச்சில் விரும்பியோருக்கான பரீட்சை ஆரம்பமாகி ஜூன் 1ஆம் திகதி கட்டாயமாக்கப்பட்டது. கட்டணம் ஏழரைச் சிலிங். பரீட்சை நிலையங்கள் இல்லாத காரணத்தால் தபாலகத்திலோ புகையிரத நிலையத்திலோ பரீட்சகரைச் சந்திக்க வேண்டியிருந்தது. தோற்றியவர்களில் 63 வீதமானோர் சித்தியடைந்தனர்.

எனினும் சட்டம் ஒரு கோட்டைக் கீறியிருந்தது. 1934 ஏப்ரல் 1ஆம் திகதிக்கு முன்னர் ஓட்டத் தொடங்கியவர்கள் பரீட்சைக்குத் தோற்றத் தேவையில்லை. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான உயிர்கள் பறிபோன வீதிகளில் ஓட்டிவந்தவர்களும் அவர்களே. சோதனையின்றித் தப்பியவர்களும் அவர்களே. வாக்குரிமையும் செல்வாக்கும் கொண்ட அத்தனை கார் உரிமையாளர்களையும் பரீட்சகர் முன் நிறுத்த எந்த அரசாங்கமும் துணிந்திராது என்றே நான் கருதுகிறேன்.

இதே போக்கு பின்னரும் தொடர்ந்தது. இரண்டாம் உலக யுத்தம் காரணமாக 1939 செப்டெம்பரில் நிறுத்தப்பட்ட பரீட்சைகள் 1946 நவம்பரில்தான் மீண்டும் ஆரம்பமாகின. தேங்கியிருந்தோர் தொகையைச் சமாளிக்க இயலாத நிலையில், யுத்தகாலத் தற்காலிக அனுமதிப்பத்திரம் வைத்திருந்தவர்கள் பரீட்சையின்றியே முழு அனுமதி பெற 1947 இல் ஓராண்டு அவகாசம் வழங்கப்பட்டது. சுயஸ் நெருக்கடியின்போது 1956 நவம்பர் முதல் 1957 ஏப்ரல் வரை பரீட்சைகள் மீண்டும் நின்றன. பரீட்சகர்கள் பெற்றோல் பங்கீட்டுப் பணிக்கு அனுப்பப்பட, பழகுநர்கள் துணையின்றித் தனியே ஓட்ட அனுமதிக்கப்பட்டனர்.

1957 இல் சித்தியடைந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். நாட்டின் முதலாவது மோட்டார்வழி அப்போது திறக்கப்படவில்லை; அது 1958 இல் வந்தது. சுற்றுவட்டத்தில் வலப்புறமிருந்து வருபவருக்கு வழிவிடும் விதி 1966 இலும், மதுபோதையைக் கண்டறியும் சுவாசச் சோதனை 1967 இலும், முன்னாசனப் பட்டி கட்டாயம் 1983 இலும் வந்தன. பாதசாரிகளுக்கும் துவிச்சக்கர வண்டிக்காரருக்கும் கூடுதல் முன்னுரிமையளித்து வீதி ஒழுங்குக் கோவை 2022 இல் திருத்தப்பட்டது. இவற்றில் எதையேனும் அவர் அறிவாரா என்று அரசு ஒருபோதும் அவரைச் சோதித்ததில்லை. புகைப்படத்துடன் கூடிய அனுமதிப்பத்திரம் பத்தாண்டுக்கு ஒரு தடவை புதுப்பிக்கப்படுகிறது. முகம் புதுப்பிக்கப்படுகிறது, கண் பரிசோதிக்கப்படுவதில்லை. 70 வயதுக்குப் பின்னர் மூன்றாண்டுக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். அதற்கும் சாரதியின் சுய பிரகடனமே போதும்.

மறுபுறம், அனுபவமுள்ள சாரதிகள் மீண்டும் பரீட்சைக்குத் தோற்றுவது அந்நாட்டில் அன்றாட நிகழ்ச்சியே. அவர்கள் குடிபெயர்ந்து வந்தவர்கள். இலங்கை அனுமதிப்பத்திரத்துடன் அங்கு குடியேறுபவர் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் அதனைக் கொண்டு ஓட்ட முடியாது. பரீட்சையில் சித்தியடைந்தாக வேண்டும். கண்டி வீதியில் இருபது வருடம் லொறி ஓட்டிய எனது நண்பர் ஒருவர் லண்டனில் பழகுநர் பலகையைத் தொங்கவிட்டுப் படித்தார். அவமானமாக இருந்ததா என்று கேட்டேன். முதலில் இருந்தது என்றார். ஆனால் தமக்குத் தெரியாத பல விடயங்களை அங்குதான் கற்றதாகவும் ஒப்புக்கொண்டார். வந்தவருக்குப் பயனளித்த ஒன்று இருந்தவருக்கு மட்டும் எவ்வாறு அவமதிப்பாகும்?

ஆயினும், வயதை மட்டும் அளவுகோலாக்குவதன் ஆபத்தையும் வரலாறு காட்டுகிறது. டென்மார்க் 2006 இல் 70 வயதைக் கடந்தோருக்கு அறிவாற்றல் சோதனையை விதித்தது. முதிய சாரதிகளின் மரண விபத்துக்கள் அதனால் குறையவில்லை என்றும், நடந்தும் துவிச்சக்கர வண்டியிலும் சென்ற முதியோரின் மரணங்கள் கூடின என்றும் ஆய்வொன்று கண்டது. காரைக் கைவிட்டவர்கள் அதைவிடப் பாதுகாப்பற்ற முறையில் வீதிக்கு வந்திருந்தனர். அந்தச் சோதனை 2017 இல் கைவிடப்பட்டது. டோக்கியோவின் இக்கெபுக்குரோவில் 2019 இல் 87 வயதுச் சாரதி ஒருவரின் கார் மோதித் தாயும் மகளும் பலியானதை அடுத்து எழுந்த கொந்தளிப்பின் மத்தியிலும் ஜப்பான் நிதானமான வழியையே தேர்ந்தது. 75 வயதைக் கடந்தவர்களில் குறிப்பிட்ட போக்குவரத்துக் குற்றங்களைப் புரிந்தோர் மட்டும் ஓட்டுதல் பரீட்சைக்குத் தோற்ற வேண்டும் என்ற விதி 2022 இல் அங்கு நடைமுறைக்கு வந்தது.

பிரித்தானியச் சட்டத்திலும் மறுபரீட்சை உண்டு, தண்டனையாக. அபாயகரமாக ஓட்டியதற்காகத் தண்டிக்கப்பட்டவர் நீண்ட பரீட்சையொன்றில் சித்தியடையாமல் மீண்டும் ஓட்ட முடியாது. முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் ஆறு குற்றப் புள்ளிகள் பெறும் புதிய சாரதி அனைத்தையும் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்ற விதி 1997 முதல் அமுலில் உள்ளது.

சகல சாரதிகளையும் மீண்டும் வீதிப் பரீட்சைக்கு அனுப்புவது நடைமுறைச் சாத்தியமன்று. 2020 இல் தடைப்பட்ட பரீட்சைகளின் தேக்கமே பல ஆண்டுகள் நீடித்தது. ஆனால், ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் கண் பரிசோதனையும், மாறிய விதிகள் பற்றிய சிறு எழுத்துப் பரீட்சையும் நடத்துவதில் என்ன தடை? அதனை எழுபது வயதுக்காரருக்கு மட்டுமன்றி இருபத்தேழு வயதுக்காரருக்கும் விதிக்க வேண்டும். இளம் சாரதிகளே பெருந்தொகையான விபத்துக்களில் சிக்குகின்றனர் என்பதை மறக்கலாகாது. வீதியில் நடந்து செல்லும் குழந்தைக்கு, தன்னை நோக்கி வருபவர் எந்த ஆண்டில் சித்தியடைந்தார் என்பது முக்கியமன்று. இன்று அவருக்குக் கண் தெரிகிறதா என்பதே முக்கியம்.