பச்சை மரக்கொண்டலாத்தி

சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவின் சவன்னா மரக்காடுகளில் வாழும் பறவை. நம் ஊர்க் கொண்டலாத்திக்கு உறவுதான். ஆனால் தலையில் கொண்டை இல்லை, தரையில் இரை தேடுவதும் குறைவு. உடல் கரும்பச்சையாகவும் ஊதாவாகவும் உலோகம்போல் மின்னும். நீண்ட வாலிலும் சிறகிலும் வெள்ளைத் திட்டுகள் உண்டு. வளைந்த அலகும் கால்களும் சிவப்பு. குஞ்சின் அலகு கறுப்பு. பெண்ணைவிட ஆணின் அலகு நீளம். அடிமரத்தைப் பற்றிக்கொண்டு, சில வேளை தலைகீழாகத் தொங்கி, பட்டை இடுக்குகளில் பூச்சிகளைத் துருவி எடுக்கும்.

இதன் தனிச்சிறப்பு கூட்டு வாழ்க்கை. ஒரு குடும்பத்தில் பொதுவாகப் பன்னிரண்டு பறவைகள் வரை இருக்கும். முட்டையிடுவது ஒரே இணை. பெண் அடைகாக்க, மற்றவை இரை கொண்டுவந்து தாயையும் குஞ்சுகளையும் போற்றி வளர்க்கும். 1970-களில் கென்யாவின் நைவாஷா ஏரிப் பகுதியில் டேவிட் லிகன், சாண்ட்ரா லிகன் இணையர் இவ்வுறவுகளை ஆழ்ந்து ஆராய்ந்தனர். எல்லைத் தகராறு வந்தால் குடும்பமே உடலை முன்னும் பின்னும் ஆட்டிக் கெக்கலிக்கும். இரவில் மரப்பொந்தில் நெருங்கி உறங்கும். குளிரைத் தாங்க அது உதவுகிறது. பகை நெருங்கினால் வாலடிச் சுரப்பியிலிருந்து நாற்றமடிக்கும் நீரைச் சுரக்கும். பொந்துள்ள முதிய மரங்கள் வெட்டப்பட்டால் இதற்கு இருப்பிடம் இல்லை.