அழிப்பதற்கு ஆள் வேண்டாத ஆவணம்

1855ஆம் ஆண்டு, எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட ஆணையம் சென்னை மாகாணத்தில் நிகழ்ந்த சித்திரவதைகள் குறித்துத் தன் அறிக்கையை அளித்தது. வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யவும் அரசு ஊழியர்கள் கையாண்ட முறைகள் அதில் விரிவாகப் பதிவாகியுள்ளன. கிட்டி, அண்ணாந்தாள் என்று அக்கருவிக்கும் அந்தத் தண்டனைக்கும் இருந்த தமிழ்ப் பெயர்களே ஆங்கில எழுத்தில் ஏறியிருக்கின்றன. அவற்றை இன்றும் நாம் வாசிக்க முடிகிறது. காகிதத்தை அழிக்க வேண்டுமானால் ஒருவர் கிழிக்க வேண்டும், எரிக்க வேண்டும். ஒன்றும் செய்யாமல் விட்டால் பெரும்பாலும் அது கிடந்துவிடும்.

காவல் நிலையக் கேமராப் பதிவின் இயல்பு இதற்கு நேர்மாறானது. ஒன்றும் செய்யாமல் விட்டால் அது தானே அழியும். வன்தட்டு நிரம்பியதும், அல்லது குறித்த கெடு முடிந்ததும், புதிய பதிவு பழையதன்மேல் எழுதப்படும்.

2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரம் கடந்து கடை திறந்திருந்ததாகக் கூறிக் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் சில நாள்களில் இறந்தனர். விசாரிக்கச் சென்ற கோவில்பட்டி நீதித்துறை நடுவர், உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு அனுப்பிய அறிக்கையில் ஒரு செய்தியைக் குறித்தார்: நிலையத்தில் இருந்த வன்தட்டின் கொள்ளளவு 1 டெராபைட், இடம் போதுமான அளவு இருந்தும், பதிவுகள் அன்றாடம் தாமாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தன. அந்த இரவின் பதிவு கிடைக்கவில்லை. கைதின்போது இருவரும் தரையில் உருண்டு காயமடைந்தனர் என்று முதல் தகவல் அறிக்கை சொன்னதற்கு முரணான காட்சியைப் பக்கத்துக் கடையின் கேமராதான் வெளிக்கொணர்ந்தது. அரசின் கண் மறந்ததைத் தனியார் கடையின் கண் வைத்திருந்தது.

சான்றுகளைக் காக்க, அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் பொறுப்பில் விடுமாறு நீதிமன்றம் பணித்தது. இதில் ஒரு வரலாற்று முரண் உண்டு. 1855 அறிக்கையில் குற்றம் சாட்டப்பட்டவர்களுள் முதன்மையானோர் வருவாய்த் துறையினர். காவலும் வருவாயும் ஒரே கையில் இருந்ததே கொடுமையின் வேர் எனக் கருதப்பட்டு, 1859ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணக் காவல் துறை தனியாக்கப்பட்டது.

இங்கே மும்பையில், தாராவிக்கு அருகிலுள்ள வடாலா ரயில்வே காவல் நிலையத்தின் பிடியில் இருந்த 25 வயது இளைஞர் ஒருவர் 2014 ஏப்ரலில் இறந்தார். அவ்வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம், மகாராஷ்டிரத்தின் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா பொருத்தி, பதிவுகளைக் குறைந்தது ஓராண்டு காக்குமாறு அதே ஆண்டு ஆகஸ்டில் ஆணையிட்டது. 2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் அதை விரித்தது. ஒலியும் பதிவாக வேண்டும், இரவிலும் தெரிய வேண்டும், 18 மாதங்கள் இருக்க வேண்டும், அதற்கான கருவி சந்தையில் இல்லையெனில் குறைந்தது ஓராண்டு. ஆனால் நிலைய வாயிலில் வைக்க வேண்டிய அறிவிப்பைப் பற்றிய பத்தியில் மட்டும் கெடு ஆறு மாதத்துக்குக் குறையாமல் என்று வருகிறது. ஒரே தீர்ப்பில் ஏன் இரு அளவுகள் என்பதற்கு எனக்கு விளக்கம் கிட்டவில்லை.

பார்க்கும் உரிமையைப் பற்றிப் பேசுவோர் பலர் இந்தக் கெடுவைக் கணக்கில் கொள்வதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 விடையளிக்க 30 நாள் தருகிறது; உயிர் அல்லது சுதந்திரம் சார்ந்த தகவலுக்கு 48 மணி நேரம். அன்றாடம் அழியும் பதிவுக்கு அந்த 48 மணி நேரமும் மிகை. விசாரணைக்கு இடையூறு என்று கூறி 8(1)(எச்) பிரிவின்கீழ் மறுத்தால், மேல்முறையீடு முடிவதற்குள் மறுத்த பொருளே இல்லாமற்போகும். ஆகவே முதல் மனு பதிவைக் கேட்பதாக இருப்பதைவிட, அழிக்காமல் வைக்குமாறு கோருவதாக இருப்பதே பயன் தரும். அதை நிலையத்துக்கும் கண்காணிப்பாளர் அல்லது ஆணையருக்கும் நடுவருக்கும் முதல் நாளே எழுத்தில் கொடுக்க வேண்டும்.

காப்பாற்றிய பதிவும் நீதிமன்றத்தில் நிற்க வேண்டுமே. மகாராஷ்டிரத் தேர்தல் வழக்கொன்றில், அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் தீர்ப்பு (2020 ஜூலை 14), மின்னணுப் பதிவின் நகலை முன்வைக்கச் சான்றிதழ் கட்டாயம் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவில், கோப்பின் ஹேஷ் மதிப்பையும் அச்சான்றிதழில் குறிக்க வேண்டும். ஒரு நொடிக் காட்சி மாறினாலும் மாறிவிடும் எண் அது. கைப்பற்றும் நேரத்திலேயே அதைக் குறித்துவைக்காவிட்டால், இடையில் எவரும் தொடவில்லை என்று பின்னாளில் காட்டுவது கடினம்.

வாயில் அறிவிப்பு ஆங்கிலத்திலும் இந்தியிலும் வட்டார மொழியிலும் இருக்க வேண்டும் என்கிறது உச்ச நீதிமன்றம். தன் உரிமை மீறப்பட்டால் பதிவைப் பாதுகாத்து வைக்கச் சொல்லும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு உண்டு என்பதும் அந்த அறிவிப்பில் இடம்பெற வேண்டும். நான் வசிக்கும் கோபர்கைரனேயில் வட்டார மொழி மராத்தி. தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் இங்கே குடிவந்த தமிழ்க் குடும்பங்களில், தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த தாய் ஒருத்தி மகனைத் தேடி அந்த வாயிலுக்கு வந்தால், அவ்வரியை அவளுக்கு வேறொருவர்தான் படித்துச் சொல்ல வேண்டும்; அதுவும் அன்றைக்கே.