பழவேற்காட்டுப் பேரப்பிள்ளைகள்

பழவேற்காட்டைப் பற்றி எழுத வருகிறவர்கள் பூநாரையில் தொடங்கி இறால் வறுவலில் முடிப்பார்கள். நடுவில் டச்சுக் கல்லறைக்கு ஒரு பத்தி, அதன் வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளுக்கு ஒரு படம். நான் பொன்னேரிப் பக்கம் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். பிள்ளைகளை அங்கே கூட்டிப் போகும்போது நானும் அந்த எலும்புக்கூட்டைத்தான் முதலில் காட்டுவேன். பத்தாம் வகுப்புப் பையன்களை ஓரிடத்தில் நிற்க வைக்க வேறு வழி கிடையாது. நின்ற பிறகு, எந்தப் பலகையிலும் எழுதாத சரக்கைப் பற்றிச் சொல்வேன். அந்தச் சரக்கு, ஆள்.

டச்சுக் கம்பெனி இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது 1613இல். இன்று அது சீமைக்கருவேலம் மண்டிய மேடு. துணி வாங்கத்தான் வந்தார்கள். அன்றைக்குக் கீழ்த்திசைத் தீவுகளில் ஜாதிக்காய், கிராம்பு வாங்க வேண்டுமென்றால் நம் கரையின் சாயத்துணிதான் பணம். 1619இல் ஜாவாவில் பத்தாவியா நகரத்தை எழுப்பத் தொடங்கியதும் கம்பெனிக்கு வேலையாட்கள் தேவைப்பட்டார்கள். இங்கேயோ விஜயநகர வாரிசுச் சண்டை ஊர்களைக் கலைத்துப் போட்டிருந்தது. 1618 முதல் 1620 வரை பஞ்சம் வேறு. ஒருவேளைச் சோற்றுக்குத் தன்னையே விற்றவர்கள் உண்டு, பிள்ளைகளை விற்றவர்களும் உண்டு. 1622, 1623 ஆகிய இரண்டே ஆண்டுகளில் பழவேற்காட்டிலிருந்தும் கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்தும் சுமார் 1,900 பேரைக் கப்பலேற்றினார்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் வியாபாரம் சூடுபிடிக்கும், நல்ல விளைச்சல் வந்தால் படுத்துவிடும். இந்த ஏற்ற இறக்கத்தைக் கரும்பலகையில் கோடாக வரைந்து காட்டினால் பிள்ளைகளுக்கு உடனே புரிந்துவிடும். விவசாயிகளின் பேரப்பிள்ளைகள் ஆயிற்றே.

1652இல் ஆப்பிரிக்காவின் தென்முனையில், நன்னம்பிக்கை முனையில், கம்பெனி ஒரு கடை விரித்தது. கிழக்கிலிருந்து ஊர் திரும்பும் அதிகாரிகள் தங்கள் சொந்த அடிமைகளை ஹாலந்து வரை கொண்டுபோக முடியாது. வழியில், அந்த முனையில் உருவான கேப் டவுனில் விற்றுக் காசாக்கிக்கொள்வார்கள். 1808இல் ஆள் இறக்குமதி நிற்கும்வரை அங்கே வந்து சேர்ந்த அடிமைகள் 60,000 பேருக்கு மேல். அவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் இந்தியாவிலிருந்து, அதாவது வங்காளம், மலபார், சோழமண்டலக் கரைகளிலிருந்து போனவர்கள். சொந்தப் பெயர் கப்பலிலேயே போய்விடும். ஏதோ ஒரு கிறிஸ்தவப் பெயரையோ ரோமானியப் பெயரையோ வைத்து, பின்னால் ஊரை ஒட்டுவார்கள். கேப் டவுன் பதிவேடுகளில் 'வான் பாலியகட்டா' என்று வருவது நம்ம ஊர்தான். சிலருக்கு மாதத்தின் பெயர் போதுமென்று விட்டுவிட்டார்கள். செப்டம்பர், பிப்ரவரி, ஏப்ரல் என்று குடும்பப் பெயர் கொண்டவர்கள் இன்றைக்கும் அந்த ஊர்த் தொலைபேசிப் புத்தகத்தில் இருக்கிறார்கள்.

கேப் டவுனில் ஐரோப்பியப் பெண்கள் மிகக் குறைவு. அடிமைப் பெண்கள் இருந்தார்கள். இந்த நிலைமையைக் காதல் என்று எழுதுகிற நாவல்காரர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. விலைக்கு வாங்கப்பட்டவள் வேண்டாமென்று சொல்ல எந்த இடமும் கிடையாது. கம்பெனியின் அடிமை விடுதி ஊர் நடுவில் இருந்தது. சிப்பாய்களும் மாலுமிகளும் அங்கே போய்வந்தார்கள். கம்பெனியின் அடிமைப் பெண்களுக்குப் பிறந்த பிள்ளைகளில் முக்கால்வாசி கலப்பு என்று 1671இலேயே பேச்சு எழுந்துவிட்டது. தகப்பன் வெள்ளைக்காரன், பிள்ளை அடிமை. ஏனென்றால் பிள்ளை தாயின் நிலையைத்தான் பெறும். சட்டம் அப்படி.

இந்த இடத்தில்தான் ஹென்ட்ரிக் ஆட்ரியான் வான் ரீட் வருகிறார். 'ஹோர்டஸ் மலபாரிகஸ்' என்ற மூலிகைப் பெருநூலைத் தொகுப்பித்தவர் என்று தாவரவியல் படித்தவர்களுக்குத் தெரியும். கம்பெனியின் கணக்கு வழக்குகளைச் சோதிக்கும் ஆணையராக 1685இல் கேப் டவுனில் இறங்கினார். அடிமை விடுதியில் ஓடிக்கொண்டிருந்த வெளிறிய பிள்ளைகளைப் பார்த்தார். செடிகளை இனம் பிரித்த மனிதர், பிள்ளைகளையும் பிரித்தார். டச்சுத் தகப்பனுக்குப் பிறந்தவர்களுக்கு ஒரு வழி திறந்தார்: டச்சு மொழி பேசி, திருச்சபையில் சேர்ந்திருந்தால் ஆணுக்கு 25 வயதிலும் பெண்ணுக்கு 22 வயதிலும் விடுதலை. இருபுறமும் கறுப்பான பிள்ளைக்கு அந்த வழி கிடையாது. கல்யாணத்துக்கும் ஒரு கோடு போட்டார். விடுதலையான பெண் கலப்பினத்தவளாக இருந்தால் டச்சுக்காரன் மணக்கலாம். முழுக் கறுப்பாக இருந்தால் கூடாது. ஒரே விடுதியில், ஒரே பாயில் படுத்து எழுந்த இரண்டு சிறுமிகளின் தலைவிதி தோல் நிறத்தால் பிரிந்தது. தென்னாப்பிரிக்காவில் நிறத்தை வைத்துப் பிள்ளைகளை வகைப்படுத்திய முதல் ஆணைகளில் ஒன்று இது.

அதே வான் ரீட் பிறகு நம் கரைக்கும் வந்தார். கம்பெனியின் சோழமண்டலத் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மாற்றியது அவர் ஏற்பாடு, 1690இல் நடந்தது. எங்கள் ஊர் சுருங்கத் தொடங்கிய கதையும் அந்தப் பிள்ளைகளின் கதையும் ஒரே ஆளின் பேனாவில் சந்திப்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

அவர் கேப் டவுனுக்கு வந்தபோது அங்கே தளபதியாக இருந்தவர் சைமன் வான் டெர் ஸ்டெல். ஸ்டெல்லன்போஷ் என்ற ஊர் அவர் பெயரால் 1679இல் உண்டானது. அவருடைய தாய்வழிப் பாட்டி, மோனிகா என்று சொல்லப்படும் இந்திய அடிமைப் பெண். நிறவெறி ஆட்சிக்குச் சித்தாந்தம் வடித்துக் கொடுத்த ஹென்ட்ரிக் வெர்வூர்ட் பேராசிரியராக இருந்ததும் அதே ஸ்டெல்லன்போஷின் பல்கலைக்கழகத்தில்தான்.

இவ்வளவும் சொன்னபோது ஒரு வருஷம் ஒரு பையன் எழுந்து, "சார், அந்தப் பிள்ளைங்களுக்கு ஜாதி என்னன்னு எழுதுவாங்க?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. 1950இல் ஓர் அரசாங்கம் உட்கார்ந்து யோசித்த கேள்வி அது.

அதற்கு முந்தைய ஆண்டே தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர், வெள்ளையரல்லாதார் கல்யாணத்தைத் தடைசெய்துவிட்டார்கள். 1950இல் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் வந்தது. வெள்ளையர், கறுப்பர், இரண்டிலும் சேராத 'கலர்டு' என்று எல்லோரையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். கலர்டுக்குள்ளேயே 1959இல் கேப் கலர்டு, மலாய், கிரிக்குவா, சீனர், இந்தியர், பிற ஆசியர், பிற கலர்டு என்று ஏழு உட்பிரிவு வைத்தார்கள். 1860 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து அந்த நாட்டுக் கரும்புத் தோட்டத்துக்குப் போன நம்மவர்களின் வாரிசுகள் அதில் இந்தியர். முன்னூறு வருஷம் முன்பு போனவர்களின் வாரிசுகள் கேப் கலர்டு. இரண்டு பேரும் ஒரே கரையில் ஏறியவர்கள் என்பது பதிவேட்டுக்குத் தெரியாது.

சந்தேகம் வந்தால் தலைமுடியில் பென்சிலைச் செருகிப் பார்ப்பார்கள். தலையை ஆட்டச் சொல்வார்கள். பென்சில் விழுந்துவிட்டால் வெள்ளை, சிக்கி நின்றால் இல்லை. அண்ணன் தலையிலிருந்து விழும், தம்பி தலையில் நிற்கும். பிறகு பள்ளிக்கூடம் வேறு, பஸ் இருக்கை வேறு, குடியிருக்கும் தெருவும் வேறு. கேப் டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதியை 1966இல் வெள்ளையருக்கு என்று அறிவித்து, 60,000 பேரை மணல்வெளிக்கு விரட்டினார்கள். அடிமைகளின் வாரிசுகள் கூடி வாழ்ந்த பேட்டை அது.

சாண்ட்ரா லைங் என்ற பெண்ணின் வழக்கு உலகத்துக்கே தெரியும், படமாகவும் வந்தது. 1955இல் வெள்ளைப் பெற்றோருக்குப் பிறந்தவள், மாநிறம், சுருட்டை முடி. பல தலைமுறைக்கு முன் கலந்தது அவளிடம் வெளியே வந்திருக்கும் என்றார்கள். பத்து வயதில் விடுதிப் பள்ளியிலிருந்து போலீஸ் வந்து அழைத்துப் போனது. பதிவேட்டில் அவளைக் கலர்டு ஆக்கினார்கள். தகப்பன் நீதிமன்றம் ஏறினார், ரத்தப் பரிசோதனை செய்துகொண்டார். பிறகு சட்டமே மாறி, பெற்றோர் வெள்ளை என்றால் பிள்ளையும் வெள்ளை என்றானதும் அவள் மறுபடி வெள்ளை ஆனாள். வளர்ந்து கறுப்பர் ஒருவரோடு போனாள், தகப்பன் தலைமுழுகினார். இப்போது சிக்கல் தலைகீழ்: காகிதத்தில் வெள்ளையாக இருந்துகொண்டு தன் பிள்ளைகளோடு ஒரு வீட்டில் சட்டப்படி வசிக்க முடியாது. மீண்டும் கலர்டு ஆக அவளே மனு போட வேண்டியிருந்தது. அவள் வீட்டார் விதிவிலக்கு அல்ல. டச்சு வழிவந்த வெள்ளையரான ஆஃப்ரிக்கானர்களின் வம்சத்தில் ஐரோப்பியர் அல்லாத பங்கு சுமார் 7 விழுக்காடு என்று ஆய்வாளர் ஜே.ஏ. ஹீஸ் 1971இலேயே கணக்கிட்டிருந்தார்.

தூரத்துக் கதை என்று சொல்லத் தோன்றும்போது கும்மிடிப்பூண்டி நினைவுக்கு வரும். சிப்காட்டில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன், அங்குள்ள இலங்கைத் தமிழர் முகாமில் பெண் எடுத்தான். பிள்ளை பிறந்தது. 2004 டிசம்பர் 3க்குப் பிறகு பிறந்த பிள்ளை. நம் குடியுரிமைச் சட்டப்படி அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தால், தாயைச் சட்டவிரோதமாக வந்தவர் என்று காகிதம் சொன்னால், தகப்பன் இந்தியனாக இருந்தும் குடியுரிமை கிடையாது. ஓர் அலுவலகத்தில் அவனிடம், "பேசாம அம்மா பேரை விட்டுட்டு எழுதுப்பா" என்று யோசனை சொன்னார்களாம். நிறவெறியும் இதுவும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. இங்கே பென்சில் சோதனை கிடையாது. ஆனாலும் தன் பிள்ளையை என்னவென்று எழுதுவது என்று அவன் என்னிடம் கேட்டது, அந்தப் பத்தாம் வகுப்புப் பையன் கேட்டதன் தம்பிக் கேள்விதான்.

தென்னாப்பிரிக்காவில் கலப்புக் கல்யாணத் தடை 1985இல் போனது. பதிவுச் சட்டத்தை 1991 ஜூனில் நீக்கினார்கள். அதற்குப் பிறகு பிறந்த குழந்தைக்கு இனம் எழுத வேண்டியதில்லை. ஏற்கனவே எழுதியதை அப்போது அழிக்கவில்லை. ஒரே வீட்டில் அக்காவுக்கு இனம் உண்டு, கைக்குழந்தைத் தம்பிக்குக் கிடையாது என்ற நிலை 1994 வரை இருந்தது.