ஒரே ஒரு தடவை

பணப் பரிமாற்ற மென்பொருள் எழுதியவர்களுக்கு ஒரு பயம் உண்டு: ஒரே கட்டளை இரண்டு தடவை ஓடிவிட்டால்? அப்படியொரு ராத்திரியை நான் பார்த்திருக்கிறேன், அது வேறு கதை. ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட் செல்லுக்கும் இதே கவலைதான். 16 குரோமோசோம்கள், சுமார் 1.2 கோடி எழுத்துகள். நகலெடுப்பு சில நூறு இடங்களில் தொடங்கும். எந்தப் பகுதியும் விட்டுப்போகக் கூடாது, எதுவும் இரண்டாம் தடவை நகலாகவும் கூடாது.

இது எப்படிச் சாத்தியம் என்ற தேடல், ஈஸ்டைப் பொறுத்தவரை, சியாட்டிலில் எடுத்த சில புகைப்படங்களில் தொடங்கியது. லீலண்ட் ஹார்ட்வெல்லின் ஆய்வகத்தில் 23 டிகிரியில் ஒழுங்காக வளர்ந்து, 36 டிகிரியில் நின்றுபோகும் ஈஸ்ட்கள் இருந்தன. இளங்கலை மாணவர் பிரையன் ரீட் அவற்றைப் படமெடுத்துப் பார்த்தார். சில வகைகளில் எல்லா செல்களும் ஒரே அளவு மொட்டோடு நின்றிருந்தன. ஈஸ்டுக்கு மொட்டுதான் கடிகாரம். மொட்டே இல்லையென்றால் நகலெடுப்பு தொடங்கவில்லை, சின்ன மொட்டு என்றால் நடந்துகொண்டிருக்கிறது, பெரிய மொட்டு என்றால் பிரியப்போகிறது. எல்லாம் ஒரே இடத்தில் நின்றால், பழுதான மரபணு அந்தக் கட்டத்துக்கு உரியது. விலை உயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை, கண் போதும்! 1970ல் முதல் கட்டுரை வந்தது. பிடிபட்ட மரபணுக்களுக்கு சிடிசி என்று பெயரிட்டு எண் கொடுத்தார்கள்.

அந்தப் பட்டியலில் இரண்டு எண்களை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: 6, 28.

மற்ற பாகங்கள் மெதுவாகத்தான் கிடைத்தன. கார்னெலில் பிக் டை குழு 1984ல் எம்சிஎம் மரபணுக்களைப் பிடித்தது. 1992ல் ஸ்டீபன் பெல்லும் புரூஸ் ஸ்டில்மனும், தொடங்குமிடத்தில் உட்காரும் ஓஆர்சி என்ற புரதக் கூட்டத்தைக் கண்டார்கள். சேர்த்துப் பார்த்தால் கதை இதுதான். ஓஆர்சியும் 6ம் சேர்ந்து, டிஎன்ஏவின் இழைகளைப் பிரிக்கும் எம்சிஎம் இயந்திரத்தை ஏற்றிவைக்கும். ஆனால் அது அப்போது ஓடாது. பிறகு 28 விழித்து அதை ஓடவைக்கும். ஓடவைக்கும் அதே 28தான் புதிதாக ஏற்றுவதையும் தடுக்கும். ஏற்றும்போது ஓட்ட முடியாது, ஓட்டும்போது ஏற்ற முடியாது.

தடுப்பும் ஒற்றைப் பூட்டு இல்லை. 28, ஓஆர்சியை முடக்கும், 6ஐ அழிக்க வைக்கும், எம்சிஎம்மை உட்கருவை விட்டு வெளியே தள்ளும். 2001ல் சான் பிரான்சிஸ்கோவில் ஜோகிம் லீ குழு மூன்று பூட்டுகளையும் ஒரேயடியாக உடைத்துப் பார்த்தது. மூன்றும் உடைந்தபோதுதான் மறுநகல் கண்ணில் பட்டது. அதுவும் முழுசாக வரவில்லை. டிஎன்ஏவின் சில பகுதிகள் மட்டும் திரும்ப நகலாகி, செல் பாதி வழியில் நின்றது. அதே வருடம்தான் ஹார்ட்வெல்லுக்கு நோபல்.