உரைகல்லிலிருந்து கைபேசித் திரைவரை: ஓசூரில் வாடிக்கையாளரை அறிந்த வரலாறு

சமூக ஊடகங்களில் மக்கள் எதைப் பகிர்கிறார்கள், எதைக் கண்டு கொதிக்கிறார்கள் என்பதைத் தொகுத்து ஆராய்ந்து அதற்கேற்ப விற்பனை உத்தியை வகுப்பது இன்று தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. ஆயினும் வாடிக்கையாளரின் பேச்சுக்கும் அவர் கையில் உள்ள பொருளுக்கும் இடையிலான தொலைவை, மூக்கண்டப்பள்ளியை ஒட்டிய ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் வேரூன்றிய ஒரு நிறுவனம் கைபேசிக் காலத்திற்கு முன்பே கண்டுகொண்டது.

தமிழ்நாடு அரசின் டிட்கோவும் டாட்டா குழுமமும் 1984இல் கூட்டாகத் தொடங்கிய டைட்டன், சாவி கொடுக்கும் எச்.எம்.டி. கடிகாரங்கள் கோலோச்சிய சந்தையில் குவார்ட்ஸ் கடிகாரங்களை வெற்றிகரமாக விற்றது. அந்த வெற்றி தந்த துணிவில் நகைத் தொழிலிலும் இறங்கிய அந்நிறுவனம், ஏற்றுமதியை மனத்தில் கொண்டு தொடங்கிய தனிஷ்க் என்னும் நகைப் பிரிவை உள்நாட்டுச் சந்தைக்குத் திருப்பி, 1996இல் சென்னையில் கடை திறந்தபோது, நூற்றுக்கு 75 பங்கு மட்டுமே தங்கம் கலந்த 18 காரட் நகைகளை மேலைநாட்டு வடிவமைப்பில் முன்வைத்தது. கடிகாரம் கட்டிக்கொள்ள வாங்கப்படுவது. நகையோ மகளுக்குச் சீராகவும், முடை வந்தால் அடகுக் கடைக்குப் போகவும் சேர்த்து வாங்கப்படுவது. ஆகவே 22 காரட்டுக்குப் பழகிய குடும்பங்கள் அவற்றை ஏற்காததில் வியப்பில்லை.

22 காரட்டுக்கு மாறியபின்னும், தலைமுறை தலைமுறையாக ஒரே கடையில் வாங்கிப் பழகியவர்களின் நம்பிக்கை தடையாக நின்றது. அதை விளம்பரத்தால் அசைக்க முடியாத நிலையில், காரட்மீட்டர் என்னும் கருவி கடைகளுக்கு வந்தது. நகையை உரைகல்லில் உரசாமலும் உருக்காமலும், எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, உள்ளிருக்கும் உலோகங்கள் திருப்பி உமிழும் கதிர்களைக்கொண்டு தங்கத்தின் பங்கைச் சில நிமிடங்களில் திரையில் காட்டுவது அது. 22 காரட் என்று நம்பி வாங்கிய வளையல் பல வேளைகளில் அதற்குக் கீழே நின்றது. அடுத்து, 19 காரட்டுக்குக் குறையாத பழைய நகைக்கு ஈடாக, செய்கூலி மட்டும் பெற்றுக்கொண்டு, அதே எடையில் 22 காரட் நகை தரும் திட்டம் வந்தது. நேரில் கேட்டிருந்தால் அந்தக் குடும்பங்கள் தங்கள் நகைக்கடைக்காரரைப் புகழ்ந்திருக்குமேயன்றி, இக்குறை வெளிப்பட்டிராது.

பேச்சுக்கும் பொருளுக்கும் இடையிலான அதே தொலைவு சமூக ஊடகத்திலும் உண்டு. 2020 அக்டோபரில், முஸ்லிம் குடும்பத்தில் மணம்புரிந்த இந்துப் பெண்ணின் வளைகாப்பைக் காட்டிய தனிஷ்க் விளம்பரம், ட்விட்டரில் எழுந்த புறக்கணிப்பு முழக்கத்தால் திரும்பப் பெறப்பட்டது. அது முறைதானா என்பது வேறு விவாதம். முழக்கமிட்டோரில் நகை வாங்குவோர் எத்தனை பேர், கடைவாசலை மிதித்திராதோர் எத்தனை பேர் என்பதைப் பதிவுகளின் எண்ணிக்கை மட்டும் சொல்லிவிடாது. அதனால்தான் வணிகர்கள் அத்தகைய பதிவுகளை, கைபேசி எண்ணோடு இணைந்த கொள்முதல் விவரங்களுடன் பொருத்திப் பார்க்க விழைகிறார்கள். காரட்மீட்டருக்குள் நகையை வைக்கத் தந்தவர் வாடிக்கையாளரே. இந்தப் பொருத்தலோ அவர் அறியாமலே நடக்கக்கூடும் என்பதால், தனிநபரின் எண்ணிமத் தரவைக் காக்க 2023இல் இயற்றப்பட்ட இந்தியச் சட்டம் அவரது ஒப்புதலை முதன்மைப்படுத்துகிறது.