ஒற்றைப்படை, இரட்டைப்படை

“இவன தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்.” இந்தக் கிண்டலைக் கேட்காமல் வளர்ந்த மலேசியத் தமிழர்கள் குறைவு. பேராக்கில் உள்ள ஊர் அது. 1911இல் அங்கே மனநோயாளிகளுக்கான காப்பகம் திறக்கப்பட்டது. அப்புறம் ஊர்ப் பெயரே வசவாகிவிட்டது. சிங்கப்பூரில் உட்பிரிட்ஜ் என்ற பெயருக்கும் இதே கதிதான்.

மனநல மருத்துவ வரலாற்றைப் பொதுவாக ஒரு ஏணி மாதிரி சொல்வார்கள். முதலில் பேய் பிடித்ததென்று நம்பினார்கள். பிறகு சங்கிலியில் கட்டினார்கள். பாரிசில் பினேல் சங்கிலியை அவிழ்த்தார். 1950களில் மருந்து வந்தது. படிக்குப் படி முன்னேற்றம். ஆனால் 1905இல் கோலாலம்பூரில் நடந்ததை இந்த ஏணியின் எந்தப் படியில் வைப்பது?

தஞ்சோங் ரம்புத்தானுக்கு முன்பே கோலாலம்பூரில் ஒரு மனநோயாளிகள் காப்பகம் இருந்தது. அதற்கு ஏன் தேவை வந்தது என்று முதலில் பார்க்கவேண்டும். கிளந்தானில் ‘மாயின் புத்திரி’ என்றொரு சடங்கு உண்டு. நோயாளியை நடுவில் வைத்து, ரெபாப் இசையோடு இரவில் நடக்கும். அது குணப்படுத்தியதா என்பது வேறு பேச்சு. நோயாளி தன் ஆட்களுக்கு நடுவில் இருந்தார். ஈயச் சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் ஒண்டியாக வந்து சேர்ந்த சீனருக்கும் தமிழருக்கும் அந்தச் சுற்றம் இங்கே இல்லை. மனம் பிறழ்ந்தால் பார்த்துக்கொள்ள வீடில்லை. காப்பகம்தான் கதி.

அந்தக் காப்பகத்தில் பெரிபெரி பரவியிருந்தது. கால் மரத்துப்போகும், உடம்பு வீங்கும், கடைசியில் இதயம் நிற்கும். மலாயாவில் சுரங்கத் தொழிலாளர்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்ற நோய் இது. தொற்றா, உணவா என்று மருத்துவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்திருந்தார். தமிழ்த் தொழிலாளர்களுக்கு இந்த நோய் அரிதாகவே வந்தது. அவர்கள் சாப்பிட்டது புழுங்கலரிசி. சீனத் தொழிலாளர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த, ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி.

இதைச் சோதிக்க முன்வந்தவர் மருத்துவர் வில்லியம் ஃபிளெட்சர். 1905 டிசம்பரில் காப்பகத்து நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணச் சொன்னார். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் ஒரு பக்கம், இரட்டைப்படை எண் வந்தவர்கள் மறுபக்கம். ஒற்றைப்படைக்குப் பழையபடியே பச்சரிசி, இரட்டைப்படைக்குப் புழுங்கலரிசி. மற்ற உணவெல்லாம் ஒன்றுதான். இடத்தில்தான் நோய் இருக்கிறதோ என்று நடுவில் இரு பிரிவையும் இடம் மாற்றியும் பார்த்தார்.

ஓராண்டு கழிந்தது. பச்சரிசி சாப்பிட்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கலரிசி சாப்பிட்ட 123 பேரில் அந்த நோயால் ஒருவர்கூடச் சாகவில்லை. 1907இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளியானது.

அரிசியைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள பி1 உயிர்ச்சத்து உள்ளே இறங்கிவிடுகிறது, தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை. இந்த விளக்கமெல்லாம் பின்னால் வந்தது. ‘வைட்டமின்’ என்ற சொல்லே 1912இல்தான் பிறந்தது. அந்த வகையில் கோலாலம்பூர்ச் சோதனை பல உயிர்களைக் காத்த அறிவுக்கு வழிவிட்டது. ஃபிளெட்சரை வில்லனாக்குவது சுலபம், நியாயமில்லை. அவர் யாருக்கும் புதிதாக விஷம் வைக்கவில்லை. பாதிப் பேருக்கு ஏற்கெனவே போட்ட சோற்றையே தொடர்ந்து போட்டார்.

ஆனாலும் கேள்வி நிற்கிறது. ஏன் இவர்கள்? ஒரே கூரை, ஒரே சோறு. வெளியே போக முடியாது. மாட்டேன் என்றால் அது பைத்தியத்தின் பேச்சு. செத்தால் கேட்க ஆளில்லை. ஆய்வுக்கு இதைவிட வசதியான கூட்டம் எங்கே கிடைக்கும்? இன்னொன்றும் உண்டு. பி1 சத்து கடுமையாகக் குறைந்தால் மூளையும் கெடும், குழப்பமும் நினைவிழப்பும் வரும். மனதைக் காக்க வைத்திருந்த இடத்தின் சோறே சிலரின் மனதை மேலும் குலைத்திருக்கலாம்.

சோதனைக்கு ஆளாகிறவரின் சம்மதம் முதன்மையானது என்று உலகம் எழுதிவைத்தது 1947இல், நாஜி மருத்துவர்கள் மீதான நியூரம்பெர்க் வழக்குக்குப் பிறகு. மலேசியாவின் 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டம், சம்மதம் தரும் நிலையில் நோயாளி இருந்தால் மருத்துவ ஆய்வுக்கு அவரே சம்மதம் தரலாம் என்கிறது. அது நடைமுறைக்கு வந்தது 2010இல். வரிசையில் நின்று எண்ணியவர்களுக்கும் அந்தச் சட்டத்துக்கும் இடையே நூறாண்டுக்கு மேல்.

தஞ்சோங் ரம்புத்தான் காப்பகத்தின் பெயரும் இப்போது ‘பஹாகியா’, அதாவது மகிழ்ச்சி. பெயரை மாற்றுவது எளிது. மனநோயாளி ‘இல்லை’ என்று சொன்னால் அதை ஒரு மனிதரின் பதிலாக எடுத்துக்கொள்கிறோமா என்பதில்தான் மாற்றம் இருக்கிறது. மருந்து, சட்டம், கட்டடம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். ஃபிளெட்சரின் பெயர் மருத்துவ வரலாற்றில் இருக்கிறது. அந்த 18 பேர் இன்னமும் ஒற்றைப்படை எண்களாகவே நிற்கிறார்கள்.