டிஸ்க் ரீட் எரரும் கும்மிடிப்பூண்டி ஈயமும்: ஒரு சின்ன வரலாறு

1/
வீட்டுல கேம் கன்சோல் வச்சிருந்தவங்க எல்லாரும் ஒரு தடவையாவது திரையில இதைப் பார்த்திருப்பீங்க: "டிஸ்க் ரீட் எரர்". புது டிஸ்க், ஆயிரக்கணக்குல காசு, ஆனா ஓடாது. துடைப்போம், ஊதுவோம், தட்டுவோம், கடைசியா பெட்டியையே தலைகீழா கவிழ்த்து வைப்போம். இந்தக் கைவைத்தியங்களுக்கு எல்லாம் ஒரு வரலாறு இருக்கு. அது ஜப்பான்ல ஆரம்பிச்சு, நெதர்லாந்து வழியா, நம்ம கும்மிடிப்பூண்டி வரைக்கும் வருது. டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேட்கிறீங்களா? ஆறாவது பதிவுல தெரியும். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/
முதல்ல ஊதுற கதை. டிஸ்க் வர்றதுக்கு முன்னாடி கேசட் காலம். டிவி கேம் பெட்டியில படம் வரலைன்னா கேசட்டைக் கழட்டி 'ஃபூ'ன்னு ஊதி மாட்டுவோம், உடனே ஓடும். ஓடினதுக்குக் காரணம் நம்ம மூச்சு இல்லை. கழட்டி மறுபடி மாட்டும்போது பின்கள் வேற கோணத்துல ஒழுங்கா தொட்டுக்கிச்சு, அவ்வளவுதான். மூச்சுக்காத்துல ஈரம் இருக்கு, அது பின்னை அரிக்கும், ஊதாதீங்கன்னு நிண்டெண்டோவே சொல்லியிருக்கு. தானா ஏழு நாள்ல சரியாகுற சளிக்கு ஆறாவது நாள் போட்ட மாத்திரைக்குப் பேர் கிடைக்குமே, அந்த மாதிரி.

3/
அடுத்து டிஸ்க். 1982-ல சிடி விற்பனைக்கு வந்துச்சு. பாலிகார்பனேட் தட்டுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத குழிகள், அதை லேசர் ஒளி படிக்கும். சின்னக் கீறல் விழுந்தாலும் சிடி ஓடுதே, எப்படி? 1960-ல ரீட், சாலமன்னு ரெண்டு கணித அறிஞர்கள் எழுதின பிழைதிருத்த முறைதான் காரணம். தகவலைக் கலைச்சுப் போட்டு எழுதியிருப்பதால, ரெண்டு மில்லிமீட்டர் அளவுக்குத் தகவல் அழிஞ்சாலும் மிச்சத்தை வச்சு இயந்திரம் கணக்குப் போட்டு மீட்டுடும். அதனாலதான் டிஸ்க்கை நடுவுல இருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டுல துடைக்கணும். வட்டமா துடைச்சு அதுல கீறல் விழுந்தா, அது தகவல் தடத்தோடயே நீளமா ஓடும். அவ்வளவு நீளத்தை அந்தக் கணக்கால மீட்க முடியாது.

4/
மென்மையான பருத்தித் துணி போதும். டூத்பேஸ்ட் வேண்டாம். லேசான கீறல் அதுல மறையலாம், ஆனா புளூ-ரே டிஸ்க்ல தகவல் அடுக்கு மேற்பரப்புல இருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்துலதான் இருக்கு. தேய்ச்சா மேல் பூச்சு போயிடும். ஒரு டாக்டரா இன்னொண்ணு: மூடியைக் கழட்டி, டிஸ்க் ஓடும்போது லென்சைக் குனிஞ்சு பார்க்காதீங்க. சிடி லேசர் 780 நானோமீட்டர், அகச்சிவப்பு. கண்ணுக்குச் சரியா தெரியாது, அதனால கண் தானா மூடிக்காது. விழித்திரை அதுக்கு விலை கொடுக்கக் கூடாது.

5/
தலைகீழா கவிழ்க்கிற வைத்தியம் முதல் பிளேஸ்டேஷனோட பிறந்தது. 1994 டிசம்பர்ல ஜப்பான்ல வெளிவந்த பெட்டி அது. ஆரம்ப மாடல்கள்ல லேசர் நகர்ற தண்டவாளம் பிளாஸ்டிக். பக்கத்துலயே மின்சாரம் கொடுக்கிற பகுதி சூடாகும். பிளாஸ்டிக் தேய்ஞ்சு லேசர் ஒரு பக்கம் சாயும், டிஸ்க்கைப் படிக்க முடியாது. கவிழ்த்து வச்சா புவியீர்ப்பு அதை மறுபக்கம் இழுக்கும், ஓடும். வலி மாத்திரை மாதிரிதான், நோய் அப்படியே இருக்கும். பின்னாடி வந்த மாடல்கள்ல லேசரை இடம் மாத்தி வச்சாங்க.

6/
இப்போ என் துறைக்கு வர்றேன். 2001 கடைசி, கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடு பிடிக்கிற நேரம். நெதர்லாந்து அதிகாரிகள் 13 லட்சம் பிளேஸ்டேஷன் பெட்டிகளைத் தடுத்து நிறுத்தினாங்க. டிஸ்க் கோளாறு இல்லை. கேபிள்ல அனுமதிச்ச அளவுக்கு மேல காட்மியம் இருந்துச்சு. சோனி கேபிளை மாத்திக் கொடுக்க வேண்டியதாச்சு. ஒரு விளையாட்டுப் பொருளோட 'தரம்'னா அது ஓடுதா இல்லையாங்கிறது மட்டும் இல்லைன்னு உலகம் கத்துக்கிட்ட நாள் அது.

7/
காட்மியத்துக்கு ஏன் இவ்வளவு பயம்? ஜப்பானோட டொயாமா பகுதியில, சுரங்கக் கழிவு ஆத்துல கலந்து, ஆத்துத் தண்ணி வயலுக்குப் போய், அரிசிக்குள்ள காட்மியம் ஏறிச்சு. சிறுநீரகம் கெட்டு, எலும்பு மெலிஞ்சு, இருமினாலே எலும்பு முறிஞ்சது. பாதிக்கப்பட்டவங்க பெரும்பாலும் வயசான பெண்கள். நோய்க்குப் பேரே 'இத்தாய் இத்தாய்'. தமிழ்ல 'வலிக்குது வலிக்குது'. ஹகினோன்னு ஒரு உள்ளூர் டாக்டர் விடாம போராடினார். 1968-ல ஜப்பான் அரசு காரணத்தை ஒப்புக்கிச்சு.

8/
ஐரோப்பிய ஒன்றியம் 2003-ல சட்டம் போட்டுச்சு, 2006 ஜூலை 1 முதல் அமல். மின்னணுப் பொருள்ல காட்மியம், பாதரசம், ஈயம் உட்பட ஆறு பொருட்களுக்குக் கட்டுப்பாடு. இதுல பெரிய தலைவலி ஈயம்தான். சர்க்யூட் போர்டுல சிப்பைப் பத்த வைக்கிற சால்டர், காலங்காலமா வெள்ளீயமும் காரீயமும் கலந்தது. 183 டிகிரியில அழகா உருகும். காரீயத்தை எடுத்துட்டு வெள்ளியும் செம்பும் சேர்த்தா, உருக 217 டிகிரிக்கு மேல வேணும், விறைப்பும் கூடும்.
(நம்ம ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயம். அதுல காரீயம் கலப்படம் பண்ணித் தந்தா அது விஷம். நம்ம பேச்சுல ரெண்டுக்கும் 'ஈயம்'ங்கிற ஒரே பேர் இருக்கிறதுதான் ஆபத்து.)

9/
இந்த மாற்றம் நடந்த அதே நேரத்துல, 2005 நவம்பர்ல, எக்ஸ்பாக்ஸ் 360 வந்துச்சு. கொஞ்ச மாசத்துலயே பெட்டிகள் செத்து விழ ஆரம்பிச்சது. பவர் பட்டனைச் சுத்தி மூணு சிவப்பு விளக்கு. அதுக்கு ரசிகர்கள் வச்ச பேர் 'ரெட் ரிங் ஆஃப் டெத்'. 2007 ஜூலையில மைக்ரோசாஃப்ட் வாரண்டியை 3 வருஷமா நீட்டி, அதுக்காக 105 கோடி டாலருக்கு மேல ஒதுக்கிச்சு. இதே பெட்டி டிஸ்க்கை வட்டமா கீறுதுன்னு தொடங்கின தனி வழக்கு, 2017-ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போச்சு. அங்கே நடைமுறை விஷயத்துல மைக்ரோசாஃப்ட்டுக்குச் சாதகமா தீர்ப்பு.

10/
பழி யார் மேல விழுந்துச்சு தெரியுமா? ஈயத்தை எடுத்த சட்டத்து மேல. "பழைய ஈய சால்டர் இருந்திருந்தா இப்படி ஆகியிருக்காது"ன்னு இன்னைக்கும் சொல்றவங்க இருக்காங்க. சிலர் பெட்டியைத் துண்டுல சுத்தி, சூடேத்தி, சால்டரை உருக்கப் பார்த்தாங்க. தயவுசெய்து செய்யாதீங்க. 217 டிகிரி அப்படி வராது, தீ வேணா வரும்.

11/
2021-ல வந்த எக்ஸ்பாக்ஸ் ஆவணப்படத்துல, அந்தப் பெட்டியை உருவாக்கின பொறியாளரே விளக்கினார். மாத்தி மாத்திச் சூடாகி ஆறி, சிப் பாகத்துக்கு உள்ளே இருக்கிற இணைப்புகள்ல விரிசல் விட்டிருக்கு. போர்டுல வச்ச பத்து மட்டும் குற்றவாளி இல்லை. 2010-ல வந்த புது 360 மாடல் குறைவா சூடாச்சு, அந்தக் கொள்ளைநோய் நின்னுச்சு. அதுலயும் சட்டப்படி ஈயமில்லாத சால்டர்தான். ஆக, வடிவமைப்புக் கோளாறுக்கு மக்கள் பாதுகாப்புச் சட்டம் மேல பழி. தப்பான டயக்னோசிஸ்!

12/
சரி, ஈயம் வேண்டாம்னு அவங்க ஒதுக்கினாங்க. இங்கே? இந்தியாவுல இந்தக் கட்டுப்பாடு 2014 மே மாசம்தான் நடைமுறைக்கு வந்துச்சு. வீடியோ கேம் கருவிகள் மின்னணுக் கழிவுப் பட்டியல்ல சேர்ந்தது 2022 விதிகள்ல, அமல் 2023 ஏப்ரல் 1. அதுக்கு முன்னாடி செத்த பெட்டிகள் எங்கே போச்சு? பேரீச்சம்பழக்காரர் கிட்ட, அங்கிருந்து காயலான் கடைக்கு, அங்கிருந்து உடைக்கிற இடத்துக்கு.

13/
சென்னையில இருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில வடக்கே போனா, ஆந்திர எல்லைக்கு முன்னாடி கும்மிடிப்பூண்டி. திருவள்ளூர் மாவட்டம். சிப்காட்ல இரும்பு உருக்கு உலை, ரசாயனம்னு எல்லாம் உண்டு. மின்னணுக் கழிவைப் பிரிக்கிற இடங்களும், பழைய பேட்டரியை உருக்கி ஈயம் எடுக்கிற ஆலைகளும் இந்த வட்டாரத்துல இருக்கு. இங்கே கணக்கைச் சரியா போடணும்: கன்சோல் போர்டுல இருக்கிற ஈயம் கிராம் கணக்கு. 2012 வாக்குல கரண்ட் கட் தாங்காம வீட்டுக்கு வீடு வாங்கினோமே இன்வெர்ட்டர் பேட்டரி, அதுல ஈயம் கிலோ கணக்கு. அந்தப் பேட்டரி எங்கே உடையுதுங்கிறதுதான் பெரிய கேள்வி.

14/
புகைவடிகட்டி, முகக்கவசம், குளியலறை, ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒழுங்கா இருக்கிற ஆலையில இந்த வேலை செய்யலாம். நாட்டுக்கு அது தேவையும் கூட. கொல்லைப்புறத்துல சட்டி வச்சு உருக்கினா அந்தத் தெருவே பாதிக்கும். வேலை செஞ்ச சட்டையோட வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்கினா, அந்தத் தூசி குழந்தை வாய்க்குப் போகும். விழுங்குற ஈயத்துல பெரியவங்க உடம்பு சுமார் பத்துல ஒரு பங்கை உறிஞ்சும், குழந்தை உடம்பு பாதி வரைக்கும் உறிஞ்சும்.

15/
ஈயம் என்ன செய்யும்? பெரியவங்களுக்கு வயித்து வலி, மலச்சிக்கல், ரத்தசோகை, ரத்தக் கொதிப்பு, சிறுநீரகப் பாதிப்பு. கர்ப்பிணிக்கு நஞ்சுக்கொடி தாண்டி சிசுவுக்குப் போகும். குழந்தைக்கு மூளை வளர்ச்சி, கவனம், படிப்பு எல்லாத்தையும் சத்தமே இல்லாம திங்கும். பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் வந்தாலே மூலத்தைத் தேடிக் கண்டுபிடிக்கணும். 2009-ல வெளிவந்த ஆய்வுல, சென்னையில 3 முதல் 7 வயசுக் குழந்தைகளோட சராசரியே 11-க்கு மேல. அளவு கூடக் கூட கவனக்குறைவும் கூடுச்சு.

16/
1700-ல இத்தாலிய டாக்டர் ராமசினி தொழில்நோய்களைப் பத்தி ஒரு புத்தகம் எழுதினார். நோயாளிகிட்ட "என்ன தொழில் பண்றீங்க?"ன்னு கட்டாயம் கேளுங்கன்னார். முந்நூறு வருஷம் ஆச்சு. ஓபியில கூட்டம் அதிகம், நாங்க கேட்க விட்டுப் போகலாம். நீங்களே சொல்லுங்க: "டாக்டர், நான் பேட்டரி உடைக்கிற வேலை", "என் வீட்டுக்காரர் ஈய உலையில இருக்கார்". அந்த ஒரு வரி நோயைக் காட்டிக் கொடுக்கும்.

17/
செய்ய வேண்டியது:
• பழைய பேட்டரியை கடையில கொடுத்து, விலை கழிச்சு புதுசு வாங்குங்க. தெருவுல விற்காதீங்க.
• செத்த கன்சோலை அங்கீகாரம் உள்ள மின்னணுக் கழிவு மையத்துக்குக் கொடுங்க.
• சால்டரிங் பண்ற தம்பிகளே, அந்தப் புகை பெரும்பாலும் ஃபிளக்ஸ் புகை. ஆஸ்துமாவைக் கிளப்பும், ஜன்னலைத் திறங்க. ஈயம் கை வழியா வாய்க்குப் போகும். சோப்பு போட்டுக் கழுவாம டீ, பஜ்ஜி தொடாதீங்க. சால்டர் கம்பியைப் பல்லுல கடிக்காதீங்க.
• ஈய வேலை பார்க்கிறவங்க குளிச்சு, சட்டை மாத்திட்டு வீட்டுக்குப் போங்க. துணியைத் தனியா துவைங்க.
• சந்தேகம்னா ரத்தத்துல ஈய அளவு பாருங்க. 'டிடாக்ஸ்' பொடி எதுவும் வேண்டாம். சிகிச்சை தேவையான்னு டாக்டர் முடிவு பண்ணட்டும்.

18/
டிஸ்க் ஓடலைன்னா நமக்கு ஒரு சாயங்காலம் போகும். பெட்டி செத்தா வாரண்டி கேட்கலாம், கோர்ட்டுக்குப் போகலாம், 105 கோடி டாலர் கூட வாங்கிக் கொடுக்கலாம். ஈயம் ஏறின மூணு வயசுக் குழந்தையோட மூளைக்கு வாரண்டி கார்டு யாரும் தர்றதில்லை. கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர் பக்கம் உங்க சொந்தக்காரங்க யாராவது இந்த வேலையில இருந்தா, 14-ல இருந்து 17 வரைக்கும் அவங்களுக்கு அனுப்புங்க.